மலைக்குப் பின்னால் பெய்யும் மழை

கேள்வி: ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு குடும்பங்கள், மொத்தம் பதினொரு பேர், கோத்தா திங்கிக்குப் போய் இரண்டு நாள் தங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். லோம்போங் நீர்வீழ்ச்சிப் பக்கம் ஆற்றோரமாகக் கூடாரம் போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பெரியவர்கள் ஆசை. என் மகனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் (19, 20 வயது) கூனோங் முந்தாஹாக் ஏறப் போகிறார்களாம். “பாதையெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கு, வழிகாட்டி எதுக்கு?” என்கிறான். என் மாமியாரோ புலி இருக்கிறது, யானை இருக்கிறது, போகவே வேண்டாம் என்கிறார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.
— வாசகி, ஸ்கூடாய்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் மாமியாரின் புலியைக் காட்டுக்கே அனுப்பிவிடுவோம். நீங்கள் போகிற இடத்தில் புலி உங்களைப் பார்த்தால் அது நீங்கள் பார்க்கும் முன்பே ஒதுங்கிப் போய்விடும். யானை விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது பாதி சரி. ஆனால் யானையைச் சந்திக்க வாய்ப்புள்ள இடம் நீர்வீழ்ச்சியல்ல, சாலை. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகிற சாலையும் குளுவாங் போகிற சாலையும் காட்டையும் செம்பனைத் தோட்டங்களையும் ஊடுருவிப் போகின்றன. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள் அங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை. இருட்டிய பிறகு அந்த வழியே வேகமாகப் போகாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், இறங்கிப் படம் பிடிக்கவே வேண்டாம். மெதுவாகப் பின்னால் வந்து காத்திருங்கள். அதற்கு அவசரம் எதுவும் இல்லை, உங்களுக்கும் விடுமுறைதான்.

நான் பயப்படுவது தண்ணீருக்கு.

மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தண்ணீரின் தலை. நல்ல பெயர், ஏனென்றால் அது பாம்பு மாதிரி தலையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் வரும். மலை உச்சிப் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிற மழை, செங்குத்தான ஓடைகளில் இறங்கி ஒன்றுசேர்கிறது. விழுந்த மரங்களும் இலைக் குப்பையும் எங்கேயாவது அடைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. அடைப்பு உடையும்போது எல்லாம் ஒரே வீச்சில் வருகிறது. கீழே நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும்.

2021 ஆகஸ்ட் 18 அன்று கெடா மாநிலம் யானில், கூனோங் ஜெராய் அடிவாரத்தில் இப்படித்தான் வந்தது. தித்தி ஹாயுன் போன்ற குளிக்கும் இடங்கள் சேறும் மரக்கட்டையுமாகிப் போயின, ஆறு பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தபோது கூட்டம் படியேறி ஓடியதை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். படித்த நாடு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்றால் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். 1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் அருகே ஒரு மலை இடுக்கு ஓடையில் சாகசப் பயணம் போன 21 பேர் இதே மாதிரி இறந்தார்கள். மேலே இடியுடன் மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகவே உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலையைப் பாருங்கள். லோம்போங் தண்ணீர் முந்தாஹாக் மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் கறுத்துவிட்டால், இடி கேட்டால், எழுந்துவிட வேண்டியதுதான்.

தண்ணீரும் தகவல் சொல்லும். தெளிந்து ஓடியது தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும். காய்ந்த இலை, சுள்ளி எல்லாம் மிதந்து வரும். சற்று முன் உலர்ந்திருந்த பாறை நனைந்திருக்கும். அல்லது ஓசை மாறும், தூரத்தில் லோரி ஏறி வருவதுபோல் ஓர் இரைச்சல். இதில் ஒன்றைக் கண்டாலும் போதும், கரைக்கு வந்து, கரையோடு ஓடாமல் மேட்டைப் பார்த்து ஏறுங்கள். உங்கள் வண்டி எதிர்க்கரையில் இருந்தாலும் ஆற்றைக் கடக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஜோகூரில் வேறோர் ஆற்றில், தண்ணீர் கலங்கியதும் நான் எல்லாரையும் மேலே ஏறச் சொன்னேன். ஒருவர் மட்டும் பாறைமேல் இருந்த ஆட்டுக்கறிப் பானைக்காகத் திரும்பிப் போனார். அவர் பிழைத்தார். பானையை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. நம் ஆட்களுக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட மனசு வராது என்பதை இவ்வளவு காலத்தில் புரிந்துகொண்டேன். அதனால் இப்போதெல்லாம் ஒரே விதி: அடுப்பும் பானையும் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில். சாப்பாடு அங்கே இருந்தால் ஆளும் அங்கே வந்துவிடும்.

ஆற்றோரக் கூடாரத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தூக்கத்தில் தண்ணீரின் நிறம் மாறுவது யாருக்கும் தெரியாது. சரி, ஆற்றை விட்டு மேடான இடம் பார்க்கிறோம் என்றால், வெட்டிய மலைச்சரிவின் அடியிலும் போடாதீர்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலியில் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது மண் சரிந்தது, 31 பேர் இறந்தார்கள். நீர்வீழ்ச்சியைப் பகல் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு இறங்கி, ஒரு மணிக்குள் கரையேறிவிடுங்கள், ஏனென்றால் நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். இரவு டவுனிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். ஜோகூர் ஆற்றில் படகில் போய் மின்மினிப் பூச்சி பார்க்கலாம், உங்கள் மாமியாருக்கும் பிடிக்கும். உயிர்காப்பு அங்கி தராத படகில் மட்டும் ஏறாதீர்கள்.

இப்போது நீங்கள் விரும்பாததைச் சொல்கிறேன். டிசம்பரை மாற்ற முடியுமா?

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜோகூரின் கிழக்குப் பாதியில் டிசம்பர், ஜனவரிதான் அதன் உச்சம். கோத்தா திங்கிக்காரர்களிடம் 2006 என்று சொல்லிப் பாருங்கள். அந்த டிசம்பரில் டவுனே தண்ணீருக்குள் போனது. வடிந்து, வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் வந்தது. அதற்கும் முன்னால் 2001 டிசம்பர் 27-இல் வாமெய் என்ற புயல் ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், ஒன்றரை பாகைக்குள், புயல் உருவாகாது என்பதுதான் அதுவரை பாடம். பாடத்தை வாமெய் படித்திருக்கவில்லை. கூனோங் பூலாய் அடிவாரத்தில் மண்ணும் மரமுமாக வந்த வெள்ளத்தில் ஐந்து உயிர் போனது. உங்கள் ஸ்கூடாயிலிருந்து அந்த மலை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூன், ஜூலை வாக்கில் போவது நல்லது. விடுமுறையை மாற்ற முடியாது என்றால், கிளம்புவதற்கு முதல் நாள் இரவும் அன்று காலையும் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை. தொடர்மழைக்கு மஞ்சள் என்றாலே ஆற்றை மறந்துவிடுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ பக்கத்தில் ஆற்று மட்டம் தெரியும். லோம்போங் திறந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். மூடியிருந்தால் ‘பக்கத்தில் ஒரு ரகசிய இடம் இருக்கிறது’ என்று யாராவது சொல்வார்கள். போகாதீர்கள். டிசம்பரில் தேசாரு கடலும் ஆபத்துதான். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி. இழுப்பு நீரோட்டத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும்.

தண்ணீரில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று. நம் பெண்கள் சுரிதாரும் சேலையுமாக இறங்குகிறார்கள். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டு கீழே இழுக்கும். முழங்கால் வரை சிலுவார், டி-சட்டை போதும், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. அருவி விழும் குழிக்குள் யாரும் குதிக்க வேண்டாம், அடியில் என்ன இருக்கிறது என்று நேற்றுக் குதித்தவனுக்கும் தெரியாது. பியர் குடித்தவர் கரையோடு இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் பாய்ந்துவிடாதீர்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்ப் போத்தலில், பெரியது, ஒரு கயிற்றைக் கட்டிக் கரையிலேயே வைத்திருங்கள். அதை எறிந்தால் பிடித்து மிதக்கலாம்.

மகனிடம் வருவோம். முந்தாஹாக் 600 மீட்டரைச் சற்றே தாண்டுகிற மலை. கினபாலு ஏறியவன் சிரிப்பான். ஆனால் தொலைந்துபோவதற்கு உயரம் தேவையில்லை. காப்புக் காட்டுக்குள் போக ஜோகூர் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நுழைவது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். வனத்துறை உரிமம் பெற்ற வழிகாட்டிகளை ‘மாலிம் கூனோங்’ என்கிறோம். ஒரு மாலிமுக்குக் கொடுக்கிற காசு, பையன்கள் பின்னிரவு வரை மமாக் கடையில் செலவழிப்பதைவிட ரொம்ப அதிகமில்லை, மூன்றாகப் பிரித்தால்.

கைப்பேசியில் பாதை இருக்கிறது, உண்மை. ஆனால் அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் ஜி.பி.எஸ். புள்ளி அங்குமிங்கும் தாவும். சிக்னல் தேடியே பேட்டரி மதியத்துக்குள் பாதியாகும். மழைக்குப் பிறகு விழுந்த மரத்தைச் சுற்றிப் போய்த்தான் பெரும்பாலோர் தடம் மாறுகிறார்கள், வரைபடத்தில் அந்த மரம் இருக்காது. சூரியன் இங்கே ஏழு மணிவாக்கில் மறைகிறது. காட்டுக்குள் ஆறு மணிக்கே இருட்டு. எனவே ஏறத் தொடங்கும் முன்பே திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும், என் கணக்கு பன்னிரண்டரை. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும். இதில்தான் இளைஞர்கள் தோற்கிறார்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்ற சொல் காட்டில் ஆபத்தான சொல்.

ஒவ்வொருவர் பையிலும் தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். மூன்று பேருக்கு ஒரு விளக்கு என்றால் இரண்டு பேர் குருடர்கள். அட்டைக்குப் பயப்பட வேண்டாம், நகத்தால் வழித்து எறிந்தால் போகும். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. அந்த உறுப்பை அசைக்காமல் வைத்துக் கோத்தா திங்கி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வழி தவறிவிட்டது என்று சந்தேகம் வந்த அந்த நிமிடமே உட்கார்ந்துவிடச் சொல்லுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்பது பழைய தோட்டத்துப் பேச்சு. ஊருக்கு முன்னால் அருவி வரும். மூன்று மூன்றாக விசில் அடிக்கட்டும், 999-ஐ அழைக்கட்டும், இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பேட்டரியைக் காப்பாற்றட்டும். தேடி வருகிற பொம்பா (தீயணைப்பு, மீட்புப் படை) ஆட்களுக்கு நகராதவனைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் கீழே இருக்கிறீர்கள் அல்லவா? எத்தனை மணிக்குள் இறங்காவிட்டால் 999-ஐ அழைப்பீர்கள் என்பதை அவனிடமே சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, வீடு திரும்பிய பிறகு வருவது. 2010-இல் பகாங், மாரான் அருகே லுபோக் யு காட்டில் மூழ்கிய ஒருவரைத் தேடி மீட்புப் படையினரும் ஊர்க்காரர்களும் ஆற்றில் இறங்கினார்கள். தேடி முடித்து வீடு போனவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் இருக்கிற இன்னொரு கிருமியும் காரணம். அந்த ஆண்டுதான் எலிக்காய்ச்சலைக் கண்டால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆனது. எலி மூத்திரம் கலந்த நீர், உடம்பில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். காலில் புண் இருப்பவர் இறங்க வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தைக் கரையில் கொட்டினால் நாமே எலிக்கு விருந்து வைக்கிறோம், மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அதற்குள் பயணமே மறந்திருக்கும். கிளினிக்கில் டெங்கியா, சளிக்காய்ச்சலா என்று பார்ப்பார்கள். பதினொரு பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு என்று இருந்தால் இன்னும் கட்டாயமாக, டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்: “கோத்தா திங்கியில் ஆற்றில் குளித்தேன், இன்ன தேதி.”