இறங்கிய இடம், நிலைத்த இடம்: குரூப் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

பழவேற்காட்டிலிருந்து மச்சான் போன் செய்தான். ஆஸ்திரேலியாவுக்கு விசா போடப் போகிறானாம். "நீதான் எந்நேரமும் புக்கும் கையுமா இருக்கியே, சிட்னியா, பெர்த்தா, அடிலெய்டா, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுடா." தேர்வுக்குப் படிக்கிறவனிடம் ஊர் கேட்டால் ஆண்டுதான் வரும். மீஞ்சூரில் உட்கார்ந்து இரண்டு நாள் எடுத்த குறிப்பு இது. அவனுக்கு ஆகாவிட்டாலும் நமக்கு ஆகும்.

பழவேற்காடு: டச்சுக்காரர்கள் ஏன் இங்கே?

• டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1602. சோழமண்டலக் கரையில் முதலில் மசூலிப்பட்டினம், பெத்தபள்ளி, பிறகு கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் எனச் சுற்றிவிட்டுத்தான் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடருடன் உடன்பாடு 1610.

• 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கினர். அதன் பிறகே கோட்டை. பெயர் கெல்ட்ரியா, ஆண்டு 1613, கட்டியவர் வெம்மர் வான் பெர்கெம். அவருடைய சொந்த மாகாணம் கெல்டர்லாந்து; கோட்டைக்கும் அந்தப் பெயரே.

• புத்தகத்துக்குப் புத்தகம் 1609, 1610, 1613 என்று மாறும். உடன்பாடு 1610, கோட்டை 1613 என்று பிரித்து வைத்துக்கொண்டால் தப்பலாம்.

• இங்கே இறங்கியதற்குக் காரணம் துணி. மிளகும் கிராம்பும் விளைந்த தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்றும் 'கைன் பெலேகட்' என்றே பெயர். பெலேகட் என்பது நம் பழவேற்காடுதான்.

• நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் இங்கே இருந்தன. அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டதும் இங்கிருந்துதான். எந்த ஊர் நல்லது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

• ஆபிரகாம் ரோஜேரியஸ்: 1632 முதல் பத்தாண்டு இங்கே பாதிரியார். பர்த்ருஹரியின் பாடல்களை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவர். நூல் வெளிவந்தது 1651.

• தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது 1690. பழவேற்காடு இறுதியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1825, முந்தைய ஆண்டு லண்டனில் போட்ட ஒப்பந்தப்படி. கோட்டை இருந்த இடம் இன்று முள்ளும் மேடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைதான் மிச்சம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சிறுவயதில் மச்சான் அதைக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்துவான்.

ஆங்கிலேயர்: அர்மகான் விட்டு சென்னை

ஆங்கிலேயரும் முதலில் பழவேற்காட்டில் ஒண்டிக்குடித்தனம் இருந்து பார்த்தவர்கள்தான். 1619 ஒப்பந்தப்படி 1621இல் வந்து, டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகாமல் 1623இல் கிளம்பினார்கள். வடக்கே ஏரியின் மறுமுனைக்கு அப்பால் துர்கராஜபட்டினத்தில் 1626 வாக்கில் கோட்டை கட்டினார்கள். அதுதான் அர்மகான். அங்கே துணி தரமில்லை, விலையும் கட்டவில்லை. அங்கே தலைமை வகித்த பிரான்சிஸ் டே தெற்கே தேடி வந்து, 1639 ஆகஸ்டு 22இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் மானியம் பெற்றார். புனித ஜார்ஜ் கோட்டை வேலை தொடங்கியது 1640.

சென்னையில் துறைமுகம் கிடையாது. வெறும் மணல், அலை. பழவேற்காட்டு ஏரியின் ஒதுக்கில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் டே அதைப் பிடித்ததற்குக் காரணம் துணி மலிவு. சாந்தோமில் அவருக்கு வேண்டியவள் ஒருத்தி இருந்தாள் என்று வம்பும் உண்டு, தேர்வில் வராது. தண்ணீரைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஏழுகிணறு வந்தது 1772இல், அதாவது 130 ஆண்டு கழித்து.

அதே கம்பெனி, ஆஸ்திரேலியாவில்

இதைத்தான் மச்சானிடம் முதலில் சொன்னேன், அவன் நம்பவில்லை. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான் ஆஸ்திரேலியாவை முதலில் பார்த்த ஐரோப்பியக் கம்பெனியும்.

• 1606: வில்லெம் யான்சூன், 'டைஃப்கன்' என்ற கப்பல், வடக்கே கேப் யார்க் தீபகற்பம்.
• 1616: டிர்க் ஹார்டோக், மேற்குக் கரை. பெயர் பொறித்த வெள்ளீயக் கலவைத் தட்டு ஒன்றை விட்டுச் சென்றார்.
• 1629: 'பத்தாவியா' கப்பல் மேற்குக் கரைத் தீவுகளில் மோதி உடைந்தது.
• 1642: ஆபெல் டாஸ்மன். டாஸ்மேனியாவுக்கு அவர் வைத்த பெயர் வான் டீமன் நிலம்.

கரையை வரைந்தார்கள், நியூ ஹாலந்து என்று பெயரும் வைத்தார்கள், குடியேறவில்லை. வாங்க அங்கே துணி இல்லை, விற்க ஆள் இல்லை. வியாபாரி பார்வையில் பழவேற்காடு ஊர், ஆஸ்திரேலியா வெறும் கரை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த ஆங்கிலேயர்கள் வியாபாரிகள் அல்லர், கைதிகளும் காவலர்களும். அங்கேயே இருந்து சாப்பிட வேண்டியவர்கள். ஆகவே அவர்கள் முதலில் தேடியது வேறு.

ஆஸ்திரேலிய ஊர்கள்: எங்கே இறங்கினார்கள், எங்கே நின்றார்கள்?

சிட்னி: ஆங்கிலேயரின் 11 கப்பல்கள் 1788 ஜனவரியில் முதலில் நங்கூரமிட்டது பாட்டனி விரிகுடாவில். ஒதுக்கு இல்லை, நல்ல தண்ணீர் போதவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப் சில நாளிலேயே வடக்கே போர்ட் ஜாக்சனுக்கு மாற்றினார், ஓர் ஓடையை நம்பி. அந்த ஜனவரி 26தான் இன்றைய ஆஸ்திரேலிய தினம். ஓடையின் பெயர் டேங்க் ஸ்ட்ரீம். சில பத்தாண்டில் சாக்கடையாகிவிட்டது. கூவத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

மெல்போர்ன்: 1803இல் சொரெண்டோ அருகே இறங்கிய கூட்டம் தண்ணீர் போதாமல் சில மாதத்தில் கிளம்பி ஹோபார்ட் போனது. 1835இல் யாரா ஆற்றங்கரையில் ஊர் அமைந்த இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாறைத் திட்டு. கீழே கடலேற்றத்தில் வரும் உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். முகத்துவாரம் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

ஹோபார்ட்: அங்கேயும் 1803இல் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் இறங்கி, 1804இல் எதிர்க்கரைக்கு மாறினார்கள்.

பிரிஸ்பேன்: 1824இல் கடலோர ரெட்கிளிஃப், அடுத்த ஆண்டே ஆற்றங்கரை.

பெர்த்: 1829. அங்கும் முதலில் தங்கியது எதிரே உள்ள கார்டன் தீவில்.

அடிலெய்டு: 1836இல் கங்காரு தீவில் முதல் குடியேற்றம், தண்ணீர் இல்லை. நில அளவையாளர் வில்லியம் லைட் டாரன்ஸ் ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகத்துக்குத் தூரம் என்று ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் சண்டை பிடித்தார். 1837இல் கூட்டம் போட்டு வாக்கெடுத்து லைட் பக்கம் முடிந்தது. தேர்வுக்கு இதைவிட முக்கியம் லைட்டின் தந்தை. பினாங்கை 1786இல் நிறுவிய பிரான்சிஸ் லைட் அவர்தான்; அதற்கு முன் சென்னை வியாபார நிறுவனம் ஒன்றின் முகவராகக் கிழக்கே போனவர். தந்தை அமைத்த ஊரில் தமிழர் குடியேறினர், மகன் அமைத்த ஊருக்கு மச்சான் போகப் பார்க்கிறான்.

கான்பெரா: இங்கே யாரும் கரையிறங்கவில்லை, சட்டம் போட்டுத் தேடிய ஊர். அரசியலமைப்பின் 125ஆவது பிரிவின்படி தலைநகர் நியூ சவுத் வேல்ஸுக்குள் இருக்க வேண்டும், சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையக் கூடாது. 1904இல் டால்கெட்டி என்று முடிவு செய்து, 1908இல் மாற்றினார்கள். 1927 வரை நாடாளுமன்றம் மெல்போர்னில். நகரை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின் 1937இல் இறந்தது நம் லக்னோவில்.

யாரைக் கேட்டு?

சென்னைக்கு மானியம் கேட்டு வாங்கினார்கள், பழவேற்காட்டுக்கு உடன்பாடு. சிட்னியில் யாரையும் கேட்கவில்லை. கடிகல் மக்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள், அடிலெய்டில் கௌர்னா மக்கள், பெர்த்தில் நூங்கர் மக்கள். மெல்போர்னில் ஜான் பேட்மன் மட்டும் 1835இல் பழங்குடித் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஆளுநர் பூர்க் அது செல்லாது என்று அறிவித்தார். 'உரிமையாளர் அற்ற நிலம்' என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் தள்ளியது 1992 ஜூன் 3, மாபோ வழக்கு. இந்தத் தேதியைக் கட்டாயம் மனப்பாடம் செய்யவும்.

நம் ஏரியில் நிலைமை வேறு மாதிரி. மீன் பிடிக்கும் இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். எந்த நாள் யார் எந்த இடத்தில் சுத்து வலை போடுவது என்பதைக் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவனுக்கு அந்தச் சீட்டில் பெயர் வராது. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பாடு முறைக்கு வெளியே. எழுதாத விசா முறை என்று மச்சானிடம் சொன்னேன்.

இடம் பெயர்க்கப்பட்டவர்களும் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காகத் தேர்வானது 1969. முதல் ஏவல் 1971 அக்டோபர் 9. சதீஷ் தவான் பெயர் சூட்டியது 2002. தீவில் இருந்த குடிகள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் இதே வேலைக்கு ஒதுக்கிய இடம் வூமரா, 1947.

தண்ணீர்: மீஞ்சூரும் பெர்த்தும்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படிவம்; அம்மா புளி போட்டுத் தேய்ப்பார். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இந்தப் பகுதியில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வந்துவிட்டது. சமையலுக்குக் கேன் தண்ணீர்தான். வேடிக்கை என்னவென்றால், மீஞ்சூர் பெயரிலேயே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் இருக்கிறது, 2010 ஜூலை முதல். தண்ணீர் போவது சென்னைக்கு.

• பெர்த்: குவினானா கடல்நீர் ஆலை, 2006. ஆஸ்திரேலியப் பெருநகரங்களில் முதல் பெரிய ஆலை.
• அடிலெய்டு: தள்ளி ஓடும் மர்ரே ஆற்றிலிருந்து குழாய். வறட்சிக்குப் பயந்து இங்கேயும் ஒரு கடல்நீர் ஆலை கட்டினார்கள்.

"அப்போ மீஞ்சூருக்கும் பெர்த்துக்கும் என்னடா வித்தியாசம்?" என்றான் மச்சான். அங்கே அந்தத் தண்ணீர் உள்ளூர்க் குழாயில் வரும் என்றேன்.

இன்றைய கணக்கு

• திறன்சார் குடியேற்றத்துக்குக் குறைந்தபட்சம் 65 புள்ளி. அழைப்பு வரும்போது 45 வயது நிறைந்திருக்கக் கூடாது.
• 189 வகை விசா: யாருடைய பரிந்துரையும் வேண்டாம். 190: மாநிலம் பரிந்துரைத்தால் 5 புள்ளி கூடும். 491: வட்டாரப் பகுதிக்குப் போக மாநிலமோ அங்குள்ள உறவினரோ ஆதரவு தந்தால் 15 புள்ளி கூடும், விசா 5 ஆண்டு, 3 ஆண்டு கழித்து நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.
• பெர்த், அடிலெய்டு, ஹோபார்ட், கான்பெரா, டார்வின் எல்லாம் வட்டாரப் பகுதிக் கணக்கில் வரும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் வராது. மச்சானுக்கு இருப்பது 60. ஆகவே மாநிலப் பரிந்துரை இல்லாமல் சிட்னி இப்போதைக்கு ஆகாது.
• நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில் தேறினால் 5 புள்ளி. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. இரண்டு உரையாடல், மொத்தம் 90 மதிப்பெண், தேற 63.

கடைசிக் குறிப்பைப் படித்ததும் மச்சான் மறுநாளே மீஞ்சூருக்கு வந்துவிட்டான். நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவன் உடனே தமிழில் சொல்ல வேண்டும். முதல் உரையாடல் வீட்டு வாடகை. 'டெனன்ட்' என்றேன். "குடித்தனக்காரர்" என்றான். புத்தகத்தில் இருந்த விடை "வாடகைதாரர்". அவன் சொன்னதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனோம்.