தரை தொட்ட பின்னர்

விமானத்தின் சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்டவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இருவர் அல்லது நால்வர் அமரும் சிறு விமானத்தை ஓட்டுபவருக்குக் கடினமான சில விநாடிகள் அதன் பிறகே தொடங்குகின்றன. திசை தவறிய விமானம் சில வேளைகளில் தரையிலேயே சுழன்றுவிடும். இறக்கை நுனி தரையில் மோதும். சக்கரத் தண்டு ஒடியும். விமானிகள் இதனைக் 'கிரவுண்ட் லூப்' என்பர். இதன் காரணம் நாம் வகுப்பில் பயிலும் இயக்கவியலிலேயே உள்ளது.

முதற் காரணம் காற்று. ஓடுதளத்திற்கு 30 பாகைச் சாய்வில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றின் பக்கவாட்டுக் கூறு 10 கி.மீ. ஆகும். அது வாலின் செங்குத்துப் பரப்பைத் தள்ள, விமானத்தின் மூக்கு காற்று வரும் திசை நோக்கித் திரும்ப முயலும். அதைத் தடுக்க விமானியிடம் சுக்கான் உண்டு. ஆனால் சுக்கானின் விசை, அதன்மீது பாயும் காற்றின் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவது. அந்த வேகம் 90 கி.மீ.யிலிருந்து 45 ஆகக் குறைந்தால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். பக்கக் காற்றோ குறைவதில்லை.

இரண்டாம் காரணம் சக்கரங்களின் அமைப்பு. வாலில் சிறு சக்கரம் உள்ள விமானங்களில், நிறைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு சற்றே விலகினாலும் நிறைமையம் பழைய திசையிலேயே செல்ல முயல்கிறது. டயர்களின் உராய்வோ அதற்கு முன்னால் செயற்படுகிறது. இதனால் எழும் திருப்புத்திறன் விலகலை மேலும் பெருக்கும். இது கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வைத்த கோலியின் நிலை. மூக்கில் சக்கரம் உள்ள விமானங்களில் நிறைமையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அதே உராய்வு விலகலைக் குறைக்கிறது. இது கிண்ணத்துக்குள் கிடக்கும் கோலியின் நிலை.

அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் 1948-இல் வெளியிட்ட 170 என்னும் விமானம் வாற்சக்கரம் உடையது. அதன் அடிப்படையில் மூக்குச் சக்கரத்துடன் 1956-இல் விற்பனைக்கு வந்த 172, உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் கட்டப்பட்ட விமானமாயிற்று. எளிதாகத் தரையிறங்கும் தன்மை அதன் சிறப்புகளுள் ஒன்று.

எனினும் மூக்குச் சக்கரம் முழுப் பாதுகாப்பன்று. தரை தொட்டதும் விமானி கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினால், பாரம் மூக்குச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது. விமானம் அம்முன்சக்கரத்தையே அச்சாகக் கொண்டு திரும்பிவிடக்கூடும்.

ஆகவே விமானி மூக்கை ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் வைத்தே தரை தொட வேண்டும். விலகல் சிறிதாக இருக்கும்போதே சுக்கானால் திருத்த வேண்டும். காற்று மிகுந்தால் தயங்காமல் மீண்டும் மேலெழ வேண்டும். விமானம் அசைவற்று நிற்கும்வரை அவர் கால்கள் சுக்கான் மிதிகளை விட்டு அகலலாகாது.