சமையற் படமொன்று தந்த பாடம்

களிப்பிற்கென எடுக்கப்பட்ட படங்களால் கற்போர் அடையும் பயன் யாது என வினவுவார் உளர். அவ்வினாவிற்கு விடையாக, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜூலி அண்டு ஜூலியா’ என்னும் ஆங்கிலப் படத்தை ஈண்டு ஆராய்வாம். இதனை எழுதி இயக்கியவர் நோரா எஃப்ரான் அம்மையார். காண்போரை நகைக்கவும் பசிக்கவும் செய்யும் இப்படம், உண்மையில் கல்வியைப் பற்றியதேயாம்.

கதை ஈரிழையால் நெய்யப்பட்டது. முதல் இழை ஜூலியா சைல்டு என்னும் அமெரிக்க மாதினுடையது. போர்க்காலத்தில் இலங்கையில் அரசுப் பணியாற்றியபொழுது தாம் கண்டு பழகிய பால் சைல்டு என்பாரை மணந்து, 1948இல் அவருடன் பிரான்சு சென்றார். ஆங்கு ரூவான் நகரில், மாவிற் புரட்டி வெண்ணெயிற் பொன்னிறமாக வறுத்த நாக்கு மீனை உண்டார். அன்றே அந்நாட்டுச் சமையலுக்கு அடிமையானார். மற்றை இழை ஜூலி பவல் என்பாருடையது. நியூயார்க்கில் அலுவலகப் பணியால் சோர்வுற்றிருந்த இவர், 2002இல், ஜூலியாவின் நூலிலுள்ள 524 பண்டங்களையும் 365 நாட்களிற் சமைத்து, அவ்வனுபவத்தை இணையத்தில் எழுதி வருவதெனத் துணிந்தார்.

இப்படம் உணர்த்துவனவற்றுள் முதலாவது, பயிற்சிக்கு வயது தடையன்று என்பது. ஜூலியா பாரிசின் ‘கோர்டான் புளூ’ சமையற் பள்ளியிற் சேர்ந்தபொழுது அவருக்கு அகவை 37. உடன் பயின்ற ஆடவர் அவரினும் விரைந்து வெங்காயம் அரிந்தனர். அவர் நாணி விலகினாரல்லர். இல்லத்தில் வெங்காயத்தை மலைபோலக் குவித்து அரிந்து பழகினார். அறைக்குள் வந்த கணவர் கண்ணெரிச்சல் தாங்காது திரும்பும் காட்சி நம்மை நகைப்பிக்கின்றது. ஆயினும் கைத்திறன் பிறப்பது அக்குவியலினின்றே.

இரண்டாவது, காரணம் அறிந்து செய்தல். பர்கண்டி நாட்டு முறைப்படி மாட்டிறைச்சியைத் திராட்சை மதுவில் வேகவைக்குமுன், அதன் ஈரத்தை ஒற்றியெடுத்தல் வேண்டும் என்பது ஜூலியாவின் விதி. ஈரம் இருப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். இறைச்சி சிவவாது வெளிறி வெந்துபோம். காளானை வாணலியில் நெருக்கியிடலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது பொறுமை. சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் என்னும் பிரெஞ்சு மாதர் இருவருடன் ஜூலியா பல்லாண்டு உழைத்த நூலை, முதலில் ஏற்ற பதிப்பகத்தார் பின்னர் மறுத்தனர். நாஃப் பதிப்பகத்தின் வாயிலாக அது வெளிவந்தது 1961இல். அப்பொழுது அவருக்கு அகவை 49.

இனி, நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருவாம். ஜூலியின் முயற்சி புகழ்பெற்ற வேளையில், தொண்ணூறு வயதடைந்திருந்த ஜூலியா அதனை விரும்பவில்லை என்னும் செய்தி எட்டுகின்றது. தாம் குருவாகப் போற்றியவரே தம்மை ஏற்கவில்லையே என ஜூலி கலங்கி அழுகின்றார். படத்தில் இருவரும் ஒருபொழுதும் சந்திப்பதில்லை. அங்ஙனமாயின் அவ்வோராண்டு உழைப்பு வீணோ?

வீணன்று என்பதே எம் துணிபு. ஏகலைவனும் தன்னை ஏலாத ஆசானையே உளத்தில் நிறுத்தி வில் பயின்றான். ஆசானின் பாராட்டு கிட்டாமையால் கற்ற வித்தை கையை விட்டு அகலாது. ஜூலியும் இதனை உணர்ந்தார் போலும். வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் ஜூலியாவின் அடுக்களை வைக்கப்பட்டுள்ளது. ஆங்குச் சென்று, அவருடைய படத்தின் கீழ்ச் சிறிது வெண்ணெயைக் காணிக்கையாக வைத்துத் திரும்புகின்றார்.

மாணவ நண்பர்காள்! நம் ஆசிரியருட் பலர் நூல்களின் வாயிலாக மட்டுமே நம்மொடு பேசுவோர். நம் பெயரையும் அறியார். அவர்தம் புகழுரையை எதிர்பாராது, அவர் கற்பித்ததைச் செவ்வனே செய்து பழகி, நன்றியொடு மீள்வதே நம் கடனாம்.