உழைப்புக்குள் ஒளியும் நோய்: கொங்கு வட்டாரத்தில் மனச்சோர்வின் வகைகள்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வீடுகளில் மனச்சோர்வு பெரும்பாலும் மனத்தின் நோயாக அறிமுகமாவதில்லை. "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சுங்க", "நெஞ்சு படபடங்குதுங்க", "சோறே எறங்கறதில்லீங்க" என்று உடலின் முறையீடாகவே அது வெளிப்படுவதால், ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்து, குலதெய்வக் கோயிலில் பூ வாக்கும் கேட்டு முடித்த பிறகே பலர் மனநல மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டதற்கு இந்தச் சுற்றுவழியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். உடற்பரிசோதனை வீண் என்பதல்ல. தைராய்டு குறைவும் இரத்தசோகையும் பி12 வைட்டமின் பற்றாக்குறையும் இதே அசதியைத் தரக்கூடியவை என்பதால் அவற்றை ஒருமுறை பார்த்துவிடுவதே முறை. அவை சரியாக இருந்தும், இரண்டு வாரங்களாக நாளின் பெரும்பகுதியில் துயரமோ எதிலும் பிடிப்பின்மையோ நீடித்து, தூக்கமும் பசியும் கவனமும் குலைந்திருந்தால், அது பெருமனச்சோர்வு எனப்படும் வகையாக இருக்கக்கூடும்.

பெருமனச்சோர்வு ஆளை முடக்கிவிடுவதால் எப்படியும் கண்ணில் படும். முடக்காத வகைகளே இந்த வட்டாரத்தை அதிகம் ஏமாற்றுகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தணிந்த அளவில் தொடர்ந்துகொண்டே இருக்கும் நீடித்த மனச்சோர்வை மருத்துவர்கள் டிஸ்தைமியா என்பர். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம்: அவர் விடியுமுன் தறியை ஓட்டி, அறுந்த இழையை முடிந்து, பாவு தீர்ந்தால் அடுத்த பாவைப் பிணைத்து, வாரக் கணக்கைச் சரிபார்த்து எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்வார், சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் மொய் எழுதிவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பிவிடுவார், "அவரு சுபாவமே அப்படிங்க" என்று வீடும் அதைக் கடந்துவிடும். வேலை நிற்காதவரை நோயில்லை என்று கணக்கிடும் குடும்பம் கேட்க வேண்டியது, அவர் வேலைக்குப் போகிறாரா என்பதை அல்ல, கடைசியாக எதை விரும்பிச் செய்தார், பத்தாண்டுகளுக்கு முன்னும் இப்படித்தான் இருந்தாரா என்பதையே.

இதற்கு நேரெதிரான மறைப்பு இருமுனை நோயில் நிகழ்கிறது. சோர்வுக் காலமும் எழுச்சிக் காலமும் மாறி மாறி வரும் இந்நோயில், ஹைப்போமேனியா எனப்படும் மிதமான எழுச்சி, தொழில்முனைவைக் கொண்டாடும் ஊரில் கெட்டிக்காரத்தனமாகவே எண்ணப்படும். லேத் பட்டறை வைத்திருப்பவர் மூன்று மணி நேரமே தூங்கி, புதிய சிஎன்சி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்து, ஒரே மாதத்தில் இரண்டு இடங்களுக்கு விலை பேசினால், 'ஆளு செம சுறுசுறுப்பு' என்றுதான் சுற்றியிருப்போர் சொல்வர். அடுத்து வரும் சரிவில்தான் அவர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுகிறார். முந்தைய மாதங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காவிட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டுமே எழுதப்பட, அது எழுச்சியைத் தூண்டிவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் சந்திப்புக்கு நோயாளியோடு மனைவியோ அண்ணன் தம்பியோ உடன் சென்று, அந்தக் காலத்தின் செலவுகளையும் தூக்கத்தையும் மறைக்காமல் சொல்வது சிகிச்சையின் பாதி எனலாம். இந்நோய்க்கு மருந்தாக லித்தியம் தரப்பட்டால் அதன் இரத்த அளவைக் குறித்த இடைவெளிகளில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

பேறுகாலத்துக்குப் பின் முதல் சில நாட்களில் வரும் அழுகை, பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் தானே தணியும். அதைத் தாண்டியும் நீடிப்பதே பேறுகால மனச்சோர்வு. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் இது புதிதாகத் தோன்றியதைக் காட்டியதோடு, குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைகொடுத்து உதவ ஆளின்மை ஆகியவற்றை அதனோடு தொடர்புபடுத்தியது. "ஊருல பெக்காத புள்ளையவா பெத்துட்ட?" என்னும் ஏச்சை நிறுத்தி, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறையை வீட்டார் பகிர்ந்துகொண்டு, தாய் சில மணி நேரமாவது இடையறாது தூங்க வழிசெய்வது, அவளுக்குச் சொல்லப்படும் எந்த ஆறுதலைவிடவும் பயனுடையது, அதற்கும் மாறாதபோது மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கலாகாது.

ஒரு குறிப்பிட்ட இழப்பைத் தொடர்ந்து வரும் சோர்வு வேறு வகை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவருக்கு முதலில் தேவைப்பட்டது வேறு வேலையும் கடனுக்குத் தவணையும்தான். எல்லாத் துயரத்துக்கும் மாத்திரை எழுதுவதும் பிழையே.

மீளும் வழியைப் பொறுத்தவரை, தியான வகுப்புக்கும் தன்னம்பிக்கைப் பேச்சுக்கும் பஞ்சமில்லாத கோவையில், "மனச தைரியமா வெச்சுக்கங்க" என்னும் அறிவுரையே மலிவாகக் கிடைக்கிறது, பலனும் அந்த அளவில்தான் இருக்கிறது. கோவா மாநிலத்தில் சங்காத் அமைப்பினர், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்துப் பலன் கண்ட முறை வேறு: செயலூக்க முறை எனப்படும் அதில், மனம் தேறிய பின் செயல் என்று காத்திராமல், சிறு செயலிலிருந்து மனம் தேற வழி செய்யப்படுகிறது. தென்னந்தோப்பு முழுவதையும் பார்ப்பது மலைப்பாக இருப்பவர் முதல் வாரம் ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீர் கட்டலாம். கட்ட முடியாத நாளில் யாரும் குறைசொல்லாதிருக்க வேண்டும். மாத்திரை வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆவதால் பத்தாம் நாளில் கைவிடுவதும், தேறியதும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் நோயைத் திரும்ப அழைப்பனவாகும். குணம் கண்ட பின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வதே வழக்கம்.

மனச்சோர்வில் இருப்பவரிடம் சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். கேட்பது தீங்கல்ல, பேச இடம் தருவதே. அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது என்பதால், தோட்டத்துச் சாளையிலுள்ள பூச்சிமருந்தையும் வாசல் தெளிக்க வாங்கிய சாணிப் பவுடரையும் அப்புறப்படுத்துவது உயிர் காக்கும். அதிநச்சுப் பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் தற்கொலை விகிதம் பெருமளவு இறங்கியது. முயற்சி நடந்துவிட்ட வீடுகள் போலீஸ் வழக்குக்கு அஞ்சி விஷயத்தை மூடி மறைத்து நேரத்தை இழக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்குவதால், தாமதமின்றி அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்லலாம். ஆலோசனைக்கு 2022 முதல் இயங்கும் 14416 எண்ணிலும், மாநில அரசின் 104 எண்ணிலும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேச முடியும்.