திங்கட்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

திருப்பூர்ல எங்க மாமாவுக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட். சனிக்கிழமை சம்பளம் போட்டுட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் தன்னோட பழைய ஆல்டோவை நிறுத்தினார்னா, அடுத்து சாவி போடறது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத்தான். எட்டு மணிக்குள்ள அவினாசி ரோட்டுல இருக்கற கம்பெனிக்கு பீஸ் போய்ச் சேரணும். லேட்டானா அடுத்த லாட் வேற யூனிட்டுக்குப் போயிடும்.

அந்தத் திங்கட்கிழமை பார்த்துத்தான் வண்டி "டிக் டிக்"னு சத்தம் மட்டும் போடும். ஸ்டீரியோவும் சீட்டுக்கு அடியில ஆம்ப்பும் வெச்ச பிறகுதான் இது ஆரம்பிச்சுது. ரெண்டாவது தடவை நின்னதும் புது பேட்டரி வாங்கிப் போட்டாச்சு. அடுத்த திங்களும் அதே கதை. "நீ கரண்டுக்குத்தான மாப்ளே படிக்கிற, இதைக் கொஞ்சம் பாரு"ன்னார்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. செவ்வாய், புதன்ல வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுது. நின்னு போறது நீளமா நிறுத்தி வெச்ச பிறகு மட்டும். அப்படின்னா பேட்டரியைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி, வண்டி தூங்கறப்போ எதுவோ கரண்ட் குடிக்குதான்னு பார்க்கணும். எவ்வளவு குடிக்குதுன்னு அளக்கறதுக்கு நம்ம லேப்ல கிடக்கற மஞ்சள் கலர் டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும்.

சாவியை எடுத்துட்டு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. கழட்டின வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவுல மீட்டரை சீரிஸ்ல போடுங்க. சிவப்பு ப்ரோப் கண்டிப்பா 10 ஆம்பியர் சாக்கெட்ல இருக்கணும். நான் அவசரத்துல மில்லிஆம்பியர் சாக்கெட்லயே விட்டுட்டேன், மீட்டரோட ஃபியூஸ் போயிடுச்சு. விலை கம்மியான மீட்டர்கள்ல 10 ஆம்பியர் பக்கத்துக்கு ஃபியூஸே இருக்காது. அதனால மீட்டர் மாட்டியிருக்கறப்போ சாவி திருப்பிடாதீங்க. ஸ்டார்ட்டர் இழுக்கறது நூறு ஆம்பியருக்கும் மேல. அதே மாதிரி, ப்ரோப்களை பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வெச்சிடாதீங்க. அது நேரடி ஷார்ட்.

கதவு திறந்திருந்தா உள் லைட் எரிஞ்சு கணக்கைக் குழப்பும், கதவு ஸ்விட்ச்சை அமுக்கியே வெச்சுக்கங்க. புது மாடல் கார்னா உள்ளே இருக்கற கன்ட்ரோல் யூனிட்டெல்லாம் தூங்கறதுக்கு அரை மணி நேரம் வரைக்கும் விடணும். அதுக்கப்புறம் 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா கவலை இல்லை.

மாமா வண்டியில வந்தது 0.86.

இப்ப கணக்கு போடுங்க. சனி ராத்திரி ஒன்பதுல இருந்து திங்கள் காலை ஏழு வரைக்கும் 34 மணி நேரம். 0.86 × 34, கிட்டத்தட்ட 29 ஆம்பியர்-அவர். பேட்டரி மேல போட்டிருந்தது 35. வார நாள்ல பத்து மணி நேரம் நின்னா 8.6 தான் போகும், மிச்சத்துல வண்டி கிளம்பிடும். திங்கட்கிழமை மர்மம் அவ்வளவுதான்!

எது குடிக்குதுன்னு கண்டுபிடிக்க, மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஃபியூஸ்களை ஒவ்வொண்ணா எடுக்கணும். ஸ்டீரியோ ஃபியூஸை எடுத்ததும் 0.76க்கு இறங்குச்சு. பிடிச்சுட்டோம்னு நினைச்சேன். ஆனா பாக்ஸ்ல இருந்த அத்தனை ஃபியூஸையும் எடுத்த பிறகும் 0.74 அப்படியே நின்னுச்சு. அரை மணி நேரம் முழிச்சேன். ஃபியூஸ் பாக்ஸ் வழியா வராம பேட்டரிக்கு நேரா போற லைன்தான் இதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், அப்புறம் கடையில புதுசா இழுத்த ஆம்ப் வயர். அந்த வயர்ல இருக்கற தனி ஃபியூஸைப் பிடுங்கினேன், மீட்டர் பூஜ்யம்.

ஆம்ப்புக்கு மூணு இணைப்பு: பேட்டரி, கிரவுண்ட், ரிமோட். ஸ்டீரியோ ஆன் ஆனா அதோட நீலம்-வெள்ளை வயர்ல 12 வோல்ட் வந்து ரிமோட் முனை மூலமா ஆம்ப்பை எழுப்பும். மாமா வண்டியில அந்த வயரை இழுக்காம, ஆம்ப்பிலேயே பேட்டரி முனைக்கும் ரிமோட் முனைக்கும் ஒரு துண்டு வயர் போட்டிருந்தாங்க. பாட்டு ஜோராப் பாடும், ஆனா ஆம்ப் தூங்கவே தூங்காது. நம்ம ஊர் தையல் மிஷின்ல பழைய கிளட்ச் மோட்டார் பார்த்திருப்பீங்க. டெய்லர் கால் வைக்கலைன்னாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். சர்வோ மோட்டார் மிதிச்சாத்தான் சுத்தும். ரிமோட் வயரோட வேலை அதுதான்.

ஸ்டீரியோ பக்கத்துல இன்னொரு குறுக்குவழி. மஞ்சள் வயர் எப்பவும் 12 வோல்ட் வர்றது, ஸ்டேஷனையும் நேரத்தையும் ஞாபகம் வெச்சுக்க. சிவப்பு, சாவி திருப்பினா மட்டும் வரணும். ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. சாவியில்லாம பாட்டு கேட்கலாம்னு சிலர் கேட்டே இப்படிப் போட்டுக்கறாங்க, பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணினாலும் செட் பாதி முழிச்சே இருக்கும். சிவப்பைத் தனியாப் பிரிச்சு, சாவியை அக்சஸரில வெச்சா மட்டும் 12 வோல்ட் காட்டற வயரைத் தேடி அதுல கொடுத்தேன். நீலம்-வெள்ளையை ஆம்ப் வரைக்கும் இழுத்தேன். செலவு நாலு மீட்டர் வயரும் ஒரு இன்சுலேஷன் டேப்பும்.

இப்போ மீட்டர்ல 0.02. 34 மணி நேரத்துக்கு ஒரு ஆம்பியர்-அவர்கூட ஆகலை.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கு. கார் பேட்டரி ஒரு நொடி பெருசா கரண்ட் கொடுக்கறதுக்குச் செஞ்சது, அடிவரைக்கும் காலியானா தகட்டுல லெட் சல்பேட் இறுகிடும், முழு கொள்ளளவு திரும்பாது. புது பேட்டரியும் ஒரு தடவை அப்படிக் காலியாயிருக்கு. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாமா மீட்டரை எடுத்துட்டுப் போய் வோல்டேஜ் பார்க்கறார். நிறைஞ்ச பேட்டரி ஓய்வா இருக்கறப்போ 12.6 காட்டணும். போன வாரம் 12.5 இருந்துச்சாம், ஃபோன் பண்ணிச் சொன்னார்.