தலைமையின் நிமிர்வு

உரைநடை உலகம்

நுழையும்முன்

பணியிடத்தில் ஒருவர் வந்து நின்றதும் சூழல் அமைதி பெறுகிறது. அதே பதவியில் இருக்கும் மற்றொருவர் வந்ததும் அனைவரும் பதற்றம் அடைகின்றனர். பதவி ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் ஏன் வேறுபடுகிறது? தோற்றமும் குரலும் பேசும் மொழியும்தாம் தலைமைக்குரிய நிமிர்வைத் தருகின்றனவா? நெய்வேலிச் சுரங்கத்தின் வரலாற்றையும் நம் நாட்டுப் பொறியாளர், அறிவியலாளர் வாழ்வையும் துணைகொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சுரங்க விளிம்பில் ஒரு காலை

பண்ருட்டியிலிருந்து வடலூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பலாவும் முந்திரியும் செழித்த செம்மண் நிலத்தைக் காணலாம். அவ்வழியில் நெய்வேலியை அடைந்தால், அச்செம்மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரி படுகை படுகையாகப் பரந்து கிடப்பதை அறியலாம். அங்குள்ள திறந்தவெளிச் சுரங்கங்களில் பணி இரவும் பகலும் நடைபெறுகிறது. 'ஷிப்ட்' எனப் பேச்சு வழக்கில் குறிக்கப்படும் பணிமுறை மாறும்போது, பொறுப்பும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது.

அத்தகைய ஒரு காலைப்பொழுதைக் கற்பனை செய்து பார்ப்போம். இரவு முழுதும் மழை பெய்திருக்கிறது. சரிவில் மண் இளகியிருக்குமோ என்னும் ஐயத்துடன் தொழிலாளர் நிற்கின்றனர். பொறுப்பாளர் ஒருவர் வருகிறார், “எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள்? வேலையைத் தொடங்குங்கள்!” என்று உரத்த குரலில் அதட்டுகிறார். வேறொரு பொறுப்பாளரோ முதலில் சரிவை நேரில் சென்று பார்க்கிறார். திரும்பி வந்து, “மேற்குப் பக்கம் பாதுகாப்பாக உள்ளது, அங்கே தொடங்கலாம். வடக்குச் சரிவின் அருகே நான் சொல்லும்வரை யாரும் செல்ல வேண்டா” என்கிறார். முன்னவரின் குரல் பெரிது; பின்னவரின் சொல்லோ உறுதியானது. தொழிலாளர் தம் உயிரை எவரது சொல்லை நம்பி ஒப்படைப்பர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

பின்னவரிடம் காணப்பட்ட பண்பையே தலைமையின் நிமிர்வு என்கிறோம். பிறர் நம்பிச் சாயத்தக்க உறுதி அது. பதவி ஆணைக் கடிதத்தில் வரும். நிமிர்வு அவ்வாறு வருவதன்று. அது அறிவாலும் சொல்லாலும் நடத்தையாலும் நாள்தோறும் ஈட்டப்படுவது.

முதற்படி: பணியை அறிதல்

நெய்வேலிப் பகுதியில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளே இத்தொழிலகத்தின் வரலாற்றைத் தொடங்கி வைத்தது. அதனை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றவர் அப்பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார். ஆயினும், நிலக்கரி இருப்பதை அறிவது ஒன்று. அதனை வெளிக்கொணர்வது மற்றொன்று. படுகையின் மேல் தடித்த மண்ணடுக்கு இருந்தது. படுகையின் கீழோ, பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிறைந்திருந்தது. மேலுள்ள மண்ணை அகற்றியதும், சுமை குறைந்த தரையைப் பிளந்துகொண்டு அந்நீர் மேலெழுந்து சுரங்கத்தையே மூழ்கடிக்கக்கூடும்.

இத்தகைய இடரின் முன் வீரவுரைகள் பயன்தாரா. சோதனை அகழ்வும் நீரிறைப்புச் சோதனையும் நடத்தப்பட்டன. சுரங்கப் பகுதியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, நீரை இடையறாது இறைத்து, அதன் அழுத்தத்தைக் குறைத்த பின் அகழ்வதே வழி எனத் துணியப்பட்டது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நான்கு ஆண்டுகள் மண்ணோடும் நீரோடும் போராடிய பின், 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்னாக்கத்தைத் தொடங்கியது.

அந்நான்கு ஆண்டுகளில் மண்ணை மட்டுமே அகழ்ந்துகொண்டிருந்த தொழிலாளர்க்கு, “கரி கிடைக்கும், நீர் நம்மை மூழ்கடிக்காது” என்னும் நம்பிக்கையைத் தந்தது எது? அளந்து அறிந்த அறிவே அது. பணியை அறியாதவர் நிமிர்ந்து நிற்பது நடிப்பு. அந்நடிப்பு முதல் இடரிலேயே கலைந்துவிடும். பணியை அறிந்தவரோ, “இது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று கூறும்போதும் நிமிர்வை இழப்பதில்லை.

உடனிருத்தல்

சுரங்கப் பாதுகாப்பு விதிகள் இக்கருத்துக்கு அரணாக விளங்குகின்றன. 'சர்தார்', 'ஓவர்மேன்' எனப்படும் களப் பொறுப்பாளர்கள் தம் பொறுப்பிலுள்ள பணியிடத்தை நேரில் பார்வையிட வேண்டும்; ஆபத்து இருப்பதாகக் கண்டால் அங்குள்ள தொழிலாளரை அகற்ற வேண்டும். தலைமை என்பது தொலைவிலிருந்து ஆணையிடுவதன்று. பணி நடக்கும் இடத்தில் உடனிருப்பது என்பதே இவ்விதிகள் உணர்த்தும் பொருள். தொழிலாளர்க்குத் தலைக்கவசம் கட்டாயம் என்று கூறும் அதிகாரி தாம் அதனை அணியாமல் களத்தில் இறங்குவாராயின், அவர் கூறிய நூறு அறிவுரைகளும் அக்கணமே வீணாகும்.

தோற்றத்திற்கு இடமே இல்லையா என வினவலாம். இடம் உண்டு. தூய உடையும் காலம் தவறாமையும் நேர்கொண்ட பார்வையும் எதிரே இருப்பவர்க்கு நாம் தரும் மதிப்பின் அடையாளங்கள். ஆனால், அவை வாயிற்படிகளே. வீடு உள்ளே இருக்கிறது.

சொல்லும் அவையும்

திருக்குறளின் அமைச்சியலில் பத்து அதிகாரங்கள் உள்ளன. சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை, குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என்பன அவற்றுட் சில. பொறுப்பேற்றுப் பணியாற்றுவோர்க்கான பயிற்சி முறையாகவே இவ்வியலைக் கொள்ளலாம். அவையறிதலை முன்வைத்து, அவையஞ்சாமையை அதன்பின் வைத்த முறையும் எண்ணத்தக்கது. கேட்போர் யார், அவர்க்கு வேண்டுவது யாது என்று அறிந்தவருக்கே அச்சம் நீங்குகிறது.

இங்கே மாணவர் பலரை வாட்டும் ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். “நான் சிற்றூரில் பிறந்தவன், தமிழ்வழியில் பயின்றவன். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவோர் நடுவே என்னால் தலைமை ஏற்க இயலுமா?” என்பதே அது. பிற மொழிகளைக் கற்பது பயனுடையது, கற்கவும் வேண்டும். ஆனால், மொழி ஒரு கருவியே. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்துதல், தேவையற்றதை நீக்குதல், கேட்பவர் புரிந்துகொண்டாரா என உறுதி செய்தல் ஆகிய மூன்றும் எம்மொழிக்கும் பொதுவானவை. தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கப் பழகியவர்க்கு அத்தெளிவு பிறமொழியிலும் துணைநிற்கும்.

கேட்கும் செவி

நிமிர்வு என்பது பேசுவதில் மட்டும் புலப்படுவதன்று, கேட்பதிலும் புலப்படும். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தையும் சிதைத்தது. பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 32 வயதுப் பொறியாளரான இ. ஸ்ரீதரனிடம் வழங்கப்பட்டது. கடலில் விழுந்த இரும்பு விட்டங்களுக்கு ஈடாகப் புதியன செய்வதற்கு நெடுங்காலம் ஆகும் என்னும் நிலையில், பழைய விட்டங்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர் வழியாக அறிந்தனர். அவற்றை மீட்டெடுத்துப் பயன்படுத்தினர். ஆறு திங்களில் முடிக்கத் திட்டமிடப்பட்ட பணி 46 நாள்களில் நிறைவுற்றது. கடலை அறிந்தவர் மீனவரே என்பதை ஏற்கும் பணிவு இல்லாதிருந்தால், பொறியியல் அறிவு மட்டும் இவ்விரைவைத் தந்திராது.

நெய்வேலி போன்ற தொழிலகங்களில் இப்பண்பு மேலும் இன்றியமையாதது. சுரங்கம் விரியும்போது ஊர்கள் இடம்பெயர்கின்றன. தலைமுறைகளாக உழுத நிலத்தைக் கொடுத்த உழவர், இழப்பீடும் வேலையும் குறித்த வினாக்களுடன் அலுவலரின் முன் அமர்கிறார். மேடையில் கைதட்டல் பெறுவது எளிது. அந்த உழவரின் சினத்தை முகங்கோணாது கேட்டு, இயன்றதையும் இயலாததையும் உண்மையாகக் கூறுவது அரிது. ஓர் அலுவலரின் நிமிர்வை அளக்கும் உண்மையான உரைகல் அவ்விடமே.

தோல்வியில் முன்னிற்றல்

1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். ஏவுகலம் இலக்கை எட்டாமல் வங்கக் கடலில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்த குழுவினர் சோர்ந்திருந்தனர். செய்தியாளர்களோ வினாக்களுடன் காத்திருந்தனர். அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவான், கலாமை அழைத்துக்கொண்டு செய்தியாளர்முன் தாமே அமர்ந்தார். தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்றார்; தம் குழுவின்மீது தமக்குள்ள நம்பிக்கையையும் வெளிப்படுத்தினார்.

1980 ஜூலை 18ஆம் நாள் அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வெற்றியுடன் நிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமைப் பணித்தார் தவான். தாம் விலகி நின்றார். தலைமைப் பண்புக்குத் தாம் கற்ற பெரும்பாடம் இதுவே எனக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். தோல்வியின்போது முன்னே நிற்பதும் வெற்றியின்போது பின்னே நிற்பதும் காண்பதற்கு எதிரெதிர்ச் செயல்கள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றே: தன்னைவிடத் தன் குழுவைப் பெரிதாக எண்ணும் உள்ளம்.

பழக்கத்தால் வருவது

இந்நிமிர்வு பிறவியிலேயே அமைவதன்று. பள்ளிப் பருவத்திலேயே இதனைப் பழகலாம். வகுப்பில் வினா எழுப்புமுன் அதனை ஒரே தொடரில் மனத்துள் அமைத்துக்கொள்ளலாம். குழுச் செயல்பாட்டில் பேசாதிருக்கும் தோழரின் கருத்தைக் கேட்கலாம். ஒப்புக்கொண்ட பணியைக் குறித்த நாளில் முடிக்கலாம். முடியாதெனில் முன்னதாகவே தெரிவிக்கலாம். தவறு நேர்ந்தால், “பிழை என்னுடையது, இவ்வாறு திருத்துகிறேன்” என்று கூறலாம். இறுதியிற் சொன்னதே கடினமானது. அதனைக் கூறும்போது குரல் நடுங்கலாம். நடுக்கத்தோடு கூறினும் அது நிமிர்ந்த சொல்லே.

நெய்வேலியில் இன்றும் ஆழ்குழாய்க் கிணறுகள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்பணி கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆனால், அது நின்றால் மேலே சுழலும் மாபெரும் பொறிகளால் பயனில்லை. தலைமையின் நிமிர்வும் அத்தகையதே. பிறர் காண்பது மேற்பரப்பின் உறுதியை. அதைத் தாங்கி நிற்பதோ உள்ளே ஓயாமல் நடைபெறும் உழைப்பு.

தெரியுமா?

நெய்வேலிச் சுரங்கங்களில் மண்ணையும் நிலக்கரியையும் அகழ வாளிச்சக்கரப் பொறிகள் பயன்படுத்தப்படுகின்றன. பெரிய சக்கரத்தின் விளிம்பில் பொருத்தப்பட்ட வாளிகள் சுழன்று மண்ணை அள்ள, ஓடுபட்டைகள் அதனைக் கொண்டு செல்கின்றன. இங்குள்ள முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் அமைக்கப்பட்டது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016இல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பலரும் நம்பிக்கையுடன் அறிவுரை கேட்கும் ஒருவரைச் சந்தித்து, அந்நம்பிக்கை உருவான வகையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. குழுச் செயல்பாடு ஒன்று தோல்வியடைந்ததாகக் கொண்டு, குழுத்தலைவர் ஆசிரியரிடம் அதனை விளக்கும் உரையாடலை வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நெய்வேலியில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்ட ஆண்டு
அ) 1956 ஆ) 1957 இ) 1961 ஈ) 1964

2. அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் இடம்பெறும் இயல்
அ) அரசியல் ஆ) அமைச்சியல் இ) இல்லறவியல் ஈ) துறவறவியல்

குறுவினா

1. பதவிக்கும் நிமிர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நெய்வேலியில் நிலத்தடி நீர் இடராக அமைந்தது எவ்வாறு?

சிறுவினா

பாம்பன் பாலச் சீரமைப்பு உணர்த்தும் தலைமைப் பண்பை விளக்குக.

நெடுவினா

“தோல்வியில் முன்னிற்றலும் வெற்றியில் பின்னிற்றலும் ஒரே வேரில் கிளைத்தவை” – இக்கூற்றைச் சான்றுகளுடன் நிறுவுக.