பழுதான குழல்விளக்குகளை அப்புறப்படுத்தும் முறை

நமது கிராமங்களில் வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் தெருக்கம்பங்களிலும் பல ஆண்டுகள் ஒளி தந்து வந்த குழல்விளக்குகளின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்து வருகின்றன. மின்சாரச் செலவு குறைவதால் இது நன்மையே. ஆனால் கழற்றிய பழைய விளக்குகள் எங்கே போகின்றன என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனித்தல் அவசியம்.

‘டியூப் லைட்’ என மக்கள் வழங்கும் இவ்விளக்கினுள் சிறிதளவு பாதரசம் உண்டு. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை வெளிவிடுகிறது. குழலின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெண்பொடி அவற்றை வெளிச்சமாக மாற்றுகிறது. சி.எப்.எல். விளக்கும் இவ்வகையினதே. அதில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய நீண்ட குழல்களில் இதனினும் மிகுதி. விளக்கு எரியாமற் போனாலும் பாதரசம் உள்ளேயே தங்கியிருக்கிறது.

பாதரசம் மக்கும் பொருளன்று. ஏரி, குளங்களை அடைந்தால் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைக் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு மீனில் சேர்ந்து, உண்போரின் நரம்புகளைத் தாக்குகிறது. ஓரிரு விளக்குகள் உடைவதால் ஊர் கெட்டுவிடாது. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் உடைபடுவதே அஞ்சத்தக்கது. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலையொன்றின் பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடையொன்றில் கிடந்தது 2001-ல் வெளிப்பட்டு, அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. நம்மூர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் முனையிலுள்ள அலுமினிய மூடிக்காகவே குழலை உடைக்கிறார்கள். சில காசு பெறும் மூடிக்காக ஆவியைச் சுவாசிப்பவர் அந்தத் தொழிலாளியே.

ஆகவே, விளக்கை முழுதாகக் காப்பதே முதல் வேலை. புதுக் குழல் வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைக்கலாம். எருக்குழியில் எறிவது மிகவும் தவறு. எருவோடு வயலுக்குச் செல்லும் கண்ணாடித் துண்டு நடவு செய்வோரின் காலைக் கிழிக்கும்.

வீட்டிற்குள் உடைந்துவிட்டால், மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் 15 நிமிஷம் வெளியே இருத்தல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் பொடி பறக்கும். கெட்டி அட்டையால் துண்டுகளைச் சேர்த்து, எஞ்சிய பொடியை ஈரத்துணியால் ஒற்றி, யாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட வேண்டும். தீயிலிடலாகாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது அதிகம். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் இவ்விளக்குகளும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களில் காற்று கசியாத இயந்திரத்தில் குழலை நொறுக்கி, கண்ணாடி, அலுமினியம், பொடி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, பாதரசத்தை வடித்தெடுக்கிறார்கள். தனி ஒரு குடியானவர் இரண்டு குழல்களுடன் அங்கே போய்வருதல் இயலாது. பஞ்சாயத்து ஒரு மரப்பெட்டி வைத்து, தூய்மைக் காவலர் மூலம் சேகரித்து, அண்டைப் பஞ்சாயத்துகளுடன் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பலாம். சொந்தத் தெருவிளக்குகளில் கழற்றியவற்றையும் அதிலேயே சேர்க்கலாம். திருவிழாவிற்கு வீதி நெடுகக் குழல்விளக்குக் கட்டும் ஒப்பந்தக்காரர், பழுதானவற்றை எண்ணிக் கணக்குடன் ஒப்படைக்க வேண்டும் என்பதை அனுமதியிலேயே எழுதிக் கொள்வது நலம்.